நஸ்ரீன் முகமதியின் கோடுகள்

"ஸ்கேல் வெச்சுக் கோடு போடுறதெல்லாம் ஓவியமா?" ஓவியர் நஸ்ரீன் முகமதியின் படத்தை யாரிடம் காட்டினாலும் இந்தக் கேள்வி வருகிறது. எனக்குக் கோபமில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடவும் மனசில்லை.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் டிராயிங் போர்டில் டிரேசிங் ஷீட் ஒட்டி, மையில் கோடு இழுத்துப் பழகியவன். கோட்டைத் தொடங்குவது சுலபம். முடிக்கும் இடத்தில்தான் வினையே. பேனாவைத் தூக்க அரை நொடி தாமதித்தாலும் மை பொட்டாக நின்றுவிடும். செட் ஸ்கொயரை அவசரமாக நகர்த்தினால் அடியில் இழுபட்டுப்போகும். அப்புறம் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் அடுத்த கோடு ஊறிப் பரவும். பத்துக் கோடு ஒரே கனத்தில் வந்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள்.

அதே மாதிரிக் கருவிகளோடு உட்கார்ந்து ஒரு தாளை முழுக்கக் கோடுகளால் நெய்தவர் நஸ்ரீன். கட்டடத்துக்காகவும் இல்லை, பாலத்துக்காகவும் இல்லை.

1937இல் கராச்சியில் பிறந்தவர். வளர்ந்தது மும்பை. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் படிப்பு, பிறகு பாரிஸ். 1972 முதல் கடைசிவரை பரோடா நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியை. பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக் போன்ற ஓவியர்கள் மனிதர்களையும் கதைகளையும் தீட்டிக்கொண்டிருந்த பரோடா அது. அங்கே இருந்துகொண்டு ஓர் உருவம்கூட இல்லாமல் வரைந்தார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு கிடையாது, தேதி கிடையாது. ஃபதேபூர் சிக்ரியின் தளங்களையும் கடற்கரை மணலையும் புகைப்படம் எடுத்தார். உயிரோடு இருந்தவரை அவற்றைக் காட்சிக்கு வைக்கவே இல்லை.

எனக்கு ஆற்றாமை வேறொரு விஷயத்தில். உடலசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் நரம்புநோய் அவருக்கு இருந்தது. 1990இல் அலிபாக் பக்கத்தில் கிஹிம் கடற்கரை ஊரில் இறந்தார். அதனால் அவரைப் பற்றி எழுத உட்காரும் பலர் 'நோயை வென்ற கோடுகள்' என்று தன்னம்பிக்கைக் கதையாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து படத்தைப் பாருங்கள். எழுபதுகளில் தாளை நிறைக்கும் கட்டங்கள். எண்பதுகளில் சில சாய்கோடுகள், ஒரு முக்கோணம், ஒரு வில். மிச்சமெல்லாம் வெறும் தாள். எதை விடலாம் என்று வருஷக்கணக்காக யோசித்த ஒருத்தி எடுத்த முடிவு அது. நோயின் கணக்கில் அதை எழுதாதீர்கள். கோடுகளும் கட்டங்களும் வரைந்த அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு ஒப்பிட்டுத்தான் அவரை அறிமுகப்படுத்த வேண்டும் என்பதும் இல்லை.

2016இல் நியூயார்க்கில் மெட் பிரோயர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. அதற்கு முந்தி, 2013இல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் நடந்ததற்கு நான் போயிருந்தேன். ஒரு படத்தின் முன் குனிந்து, கோடு முடியும் இடத்தில் எங்கேயாவது மைப்பொட்டு இருக்கிறதா என்று பழைய பழக்கத்தில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போனேன், அதற்கடுத்ததற்கும். படத்தின் கண்ணாடியில் என் நெற்றி இடிக்கப்போனபோது காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார்.