டை கட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்

ஒரு ஆபீஸில் யார் முதலாளி என்று தெரிய இப்போதெல்லாம் கழுத்தைப் பார்த்தால் போதும். டை இல்லாதவர் முதலாளி. டை கட்டிக்கொண்டு நெற்றி வியர்வையைத் துடைப்பவர் இன்டர்வியூவுக்கு வந்த பையன், இல்லையென்றால் மாத டார்கெட் முடிக்காத சேல்ஸ்காரர். பெரிய ஓட்டலில் டை கட்டியவர் பரிமாறுகிறார், கட்டாதவர் சாப்பிடுகிறார். ஒரு காலத்தில் ராஜாக்கள் கழுத்தில் கிடந்த துணி இது.

ராஜாக்களுக்கும் முன்னால் அது சிப்பாய்களுடையது. ரோமில் கி.பி. 113 இல் எழுப்பிய டிராஜன் தூணில் செதுக்கியிருக்கும் போர்வீரர்கள் கழுத்திலேயே துணி இருக்கிறது. ஆனால் இன்றைய டையின் நேரடிப் பாட்டன், 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பிரான்சுக்காகக் கூலிக்குச் சண்டை போட்ட குரோஷிய வீரர்கள் கழுத்தில் முடிந்திருந்த துணிதான். பாரிஸ்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. பதினான்காம் லூயி அதையே லேஸில் அணிய ஆரம்பித்தார். அவர் கழுத்துத்துணியைக் கவனித்துக்கொள்ளவே அரண்மனையில் தனியாக ஒரு ஆள்.

1692 இல் ஸ்டீன்கெர்க் போரில் எதிரி திடீரென்று பாய்ந்ததால், பிரெஞ்சு அதிகாரிகள் லேஸை ஒழுங்காகக் கட்ட நேரமில்லாமல் முறுக்கி, நுனியைக் கோட்டின் பட்டன் ஓட்டையில் செருகிக்கொண்டு ஓடினார்களாம். அந்த அவசரக் கோலமே அடுத்த ஃபேஷன். பெண்களும் அப்படியே முறுக்கிச் செருகிக்கொண்டார்கள். போருக்குப் போகாதவர்கள் போரிலிருந்து ஓடிவந்த மாதிரி உடுத்துவது அன்றைக்கே இருந்திருக்கிறது. இன்று கிழிந்த ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்குபவர்களைத் திட்டும் பெரியவர்கள் கவனிக்க.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் லண்டனின் போ பிரம்மெல். பிரபுக் குடும்பத்தில் பிறந்தவரில்லை. பட்டு, சரிகை, பவுடர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கருநீலக் கோட்டும் லேசாகக் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துத்துணியுமாக ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். கஞ்சி போட்ட துணியைத் திருத்த முடியாது. ஒரு மடிப்பு பிசகினால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். ஒருநாள் அவருடைய வேலைக்காரர் கசங்கிய துணிகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னவென்று கேட்டவர்களுக்கு, 'இதெல்லாம் எங்கள் தோல்விகள்' என்றாராம். பிரம்மெல் உடுத்துவதைப் பார்க்க இங்கிலாந்து இளவரசரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார். (நம்மூர் மொடமொட வெள்ளை வேட்டி அண்ணன்கள் எல்லாம் ஒரு வகையில் பிரம்மெலுக்குப் பங்காளிகள்.) கடைசியில் இளவரசரோடு பகை, தலைக்கு மேல் கடன். 1816 இல் பிரான்சுக்கு ஓடினார். 1840 இல் கான் நகரத்து மனநல விடுதியில் இறந்தார்.

அவர் கட்டியதுபோலக் கட்ட வேண்டுமானால் காலைப் பொழுது முழுக்கச் சும்மா இருக்க வேண்டும், துவைத்துக் கஞ்சி போட ஆள் வேண்டும். தன் வேலையைத் தானே செய்பவனால் முடியாது. அந்தத் துணி ஊருக்குச் சொன்ன செய்தியே அதுதான்.

பிறகு குமாஸ்தாக்களின் காலம் வந்தது. காலையில் கட்டினால் மாலை வரை குலையாத ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. லேஸ் போய் நீளமான டை வந்தது. ஆனாலும் அது முறுக்கிக்கொண்டு சுருங்கும். 1920களில் நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியை 45 டிகிரியில் கிராஸாக வெட்டி, மூன்று துண்டாக இணைத்துத் தைத்தார். கிராஸாக வெட்டினால் துணி இழுபடும், பழையபடி திரும்பும். இன்றைய டை பெரும்பாலும் அவர் வழியில் வந்ததுதான். அதைக் கட்ட 85 வழிகள் உண்டு என்று 1999 இல் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர்கள் இருவர் கணக்குப் போட்டார்கள். நமக்குத் தெரிந்தது ஒரே வழி: யாரோ போட்டுக் கொடுத்த முடிச்சை அவிழ்க்காமல் தளர்த்தி ஆணியில் மாட்டிவைப்பது.

இப்போது டையை வளர்த்த ஊர்களே அதைக் கழற்றுகின்றன. ஜப்பான் 2005 இல் கோடைக்கு ஏசியை 28 டிகிரியில் வைத்து டையை விடச் சொன்னது. இங்கிலாந்தில் 2007 இல், கிருமி பரவும் என்று மருத்துவர்களிடம் டை வேண்டாம் என்றார்கள். 2017 இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் டை கட்டாயமில்லை என்று சபாநாயகரே சொல்லிவிட்டார். 2021 இல் நியூசிலாந்தின் மாவோரி எம்.பி. ராவிரி வைத்தித்தி, டை காலனியாட்சியின் சுருக்குக் கயிறு என்று சொல்லிக் கட்ட மறுத்தார். சபையிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த நாளே விதி போய்விட்டது.

நாம்? 2014 இல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. சட்டசபையில் சட்டமே போட்டுத்தான் அதைச் சரிசெய்தோம். 2020 இல் கொரோனா காலத்துக் காணொலி விசாரணைக்கு வழக்கறிஞர்களுக்கு கோட்டும் கவுனும் வேண்டாம் என்றது உச்சநீதிமன்றம். கழுத்தில் வெள்ளைப் பட்டை மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றது.

எனக்கு டை மேல் கோபமில்லை. நல்ல பட்டில், அளவான முடிச்சோடு கட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விரும்பிக் கட்டுபவர் கட்டட்டும். ஏசி அறையில் காலர் திறந்து உட்கார்ந்திருப்பவர், வேலூர் வெயிலில் பைக்கில் அலையும் பையனுக்கு டையைக் கட்டாயமாக்குவதுதான் எரிச்சல். அதைவிட எரிச்சல் எல்கேஜி குழந்தைக்கு மாட்டும் எலாஸ்டிக் டை.

தெரிந்த பள்ளித் தாளாளர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "சார், நான் எடுக்க ரெடி. எடுத்தா, டை இல்லாத ஸ்கூல்ல எதுக்கு சார் இவ்ளோ ஃபீஸ்னு கேப்பாங்க" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பெற்றோர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.