டிரஸ்ட்காரங்களே, வளைவு போதும், கம்மாவுக்கு வாங்க

எங்க ஊரு அறக்கட்டளை வாட்ஸ்அப் குரூப்ல இந்த வருச பட்ஜெட்டப் போட்டிருக்காங்க. ரெண்டு தலைப்பு. 'ஊர் வளர்ச்சி'ன்னு ஒண்ணு, அதுக்குக் கீழ ஹைமாஸ் லைட்டு, நிழற்குடை, பேவர் பிளாக். 'பாரம்பரியம்'னு இன்னொண்ணு, அதுல ஊரு நுழைவு வளைவு, கோயில் பிரகாரத்துக்கு கிரானைட்டு, ஐயனாருக்கு சிமெண்டுல புதுக் குதிரை. ரெண்டு தலைப்புலயும் கம்மா (கண்மாய்) இல்ல. கேட்டா "அது கவர்மெண்ட் கம்மா மாப்ள, நமக்கெதுக்கு வம்பு"ங்கறாங்க. குரூப்ல எழுதுனா அஞ்சே நிமிசத்துல குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிரும், அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்லயே சொல்லிர்றேன், டிரஸ்ட் மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப தென்னை பூரா வேரோட சாஞ்சு கெடந்துச்சு, கரண்டும் இல்ல, போனும் இல்ல, அப்ப வாடகைக்கு ஜெனரேட்டர் புடிச்சாந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துனது இந்தப் பசங்கதான், அத மறந்தா சோறு கெடைக்காது. அடுத்த வருசமே கொத்தமங்கலம் பக்கமெல்லாம் இளைஞர்க சொந்தக் காசப் போட்டுக் கொளத்தத் தூர்வார எறங்குனாங்க, பேராவூரணிப் பெரிய ஏரியில கைஃபாங்கற கடைமடை விவசாயிக சங்கத்துப் பசங்க எறங்குனாங்க. நம்ம பக்கம் காசு இல்லாமயும் இல்ல. ஆடி வந்தா கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுத்துவட்டாரத்துல மொய் விருந்துப் பந்தல்ல கறிச்சோத்தோட எவ்வளவு பணம் கைமாறுதுன்னு எல்லாருக்கும் தெரியும். நோட்டுப் போட்டு, பேரெழுதி, அஞ்சு வருசம் கழிச்சும் ஒரு ரூவா பிசகாம திருப்பிச் செய்ற ஊருங்க இது. இந்த ஒழுங்குல பாதி டிரஸ்ட் கணக்குல இருந்தாப் போதும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். வளர்ச்சிக்கு ஒரு தலைப்பு, பாரம்பரியத்துக்கு ஒரு தலைப்புன்னு பிரிச்சீங்க பாருங்க, அங்கதான் ரெண்டுமே கெட்டுப்போச்சு. நம்ம ஊர்ல இது ரெண்டும் ஒரே எடத்துலதான் கெடக்குது, கம்மாக்குள்ள.

சித்திரையில தண்ணி வத்துனதும் கரையில நின்னு பாருங்க. கரையிலருந்து கொஞ்சம் தள்ளி உள்ள ரெண்டு கல்தூணு நிக்குது, நடுவுல குறுக்குக் கல்லு. ஆடு மேய்க்கிற பயலுக அதுல ஏறி உக்காந்து செல்போன் பாக்குறானுக. அதுதான் குமிழித் தூம்பு. அதுக்கடியில கல்லுத்தொட்டி இருக்கு, தொட்டி மேல நீரோடித் துளை, கீழ்ப்பக்கம் சேறோடித் துளைக. மேல இருக்கிற துளைய அடைச்சிருக்கிற கல்லத் தூக்குனா தண்ணி உள்ள எறங்கும், கூடவே கீழ்த்துளை வழியா அடியில தேங்குற சேறும் கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டு, கரைக்கு அடியில போற சுருங்கை வழியா நேரா வயலுக்குப் போயிரும். அதாவது பாசனமும் நடக்கும், தூரும் சேராது, வயலுக்கு வண்டலும் கெடைக்கும். கரண்டும் வேணாம் ஜேசிபியும் வேணாம். புதுக்கோட்டை மாவட்டத்துல கொளத்துக்குக் கொளம் இது இருக்கு, பலதுல யாரு செஞ்சு வச்சதுன்னு தூண்லயே வெட்டியிருக்காங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்தியே தூம்பு வச்சுக் குடுத்தவன் பேரு கல்லுல இருக்கு, நம்ம டிரஸ்ட்காரங்க பேரு டியூப்லைட்ல இருக்கு.

நம்ம தூம்புத் தூண்லயும் எழுத்து இருக்கு. பாசி புடிச்சு பாதி மண்ணுக்குள்ள. அதுல என்னா எழுதியிருக்குன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. புதுக்கோட்டையில தொல்லியல் ஆய்வுக் கழகம்னு ஆளுக இருக்காங்க, கூப்புட்டா வந்து மைப்படி (கல்லுமேல தாள ஒட்டி மை ஒத்தி எடுக்கிற நகல்) எடுத்துப் படிச்சுச் சொல்லுவாங்க. ஆகப்போற செலவு காரு வாடகையும் ஒரு வேளைச் சாப்பாடும். வளைவுக்கு ஒதுக்குன காசுல பெயிண்ட் செலவுகூட வராது அது.

இன்னொரு விசயம், இத எழுதுனா சில பேரு மொறைப்பாங்க, பரவால்ல. அந்தத் துளைய எப்பத் தொறக்கணும், எவ்வளவு தொறக்கணும், எந்த வயக்காட்டுக்கு எத்தன நாழிக தண்ணின்னு கையில வச்சிருந்தது யாரு? நீர்பாய்ச்சி. எங்க ஊருல அது காலனித் தெருக்காரங்க வேலை. அந்தக் குடும்பத்துல ஒரு பெரியவரு இன்னும் இருக்காரு, முங்கி உள்ள போயி அடைப்புக் கல்லப் புடுங்கிட்டு வருவாராம் வயசுல. "மேக்கால தண்ணி சுழிச்சா அடைப்பு சரியில்லன்னு அர்த்தம் தம்பி, நீ கரையில நின்னே சொல்லிரலாம்"னாரு எங்கிட்ட. டிரஸ்ட் பாரம்பரியக் கமிட்டியில ஒம்பது பேரு, ரிட்டையர்டு வாத்தியாரு இருக்காரு, கான்ட்ராக்டர் இருக்காரு, சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே ஒருத்தரு மெம்பரா இருக்காரு. அந்தப் பெரியவரு இல்ல. காலனியிலருந்து ஒருத்தருமே இல்ல. பொம்பளையாளும் இல்ல, கொளத்துல தண்ணி வத்துனா மொதல்ல கொடத்தத் தூக்கிட்டு அலையிறது அவங்கதான். யாரோட பாரம்பரியத்தக் காப்பாத்துறீங்கன்னு கேக்கத் தோணுமா தோணாதா?

சரி கோயிலுக்கு வருவோம். கும்பாபிஷேகம் வேணாம்னு சொல்லல, நானும் வரி குடுக்கறவந்தான். ஆனா பிரகாரத்துல கிரானைட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி அடிப்பட்டிக் கல்லப் பாத்தீங்களா? தெக்குப் பக்கம் பூரா எழுத்து. பக்கத்து ஊர்ல இப்படித்தான் தரைய ஒசத்திப் போட்டதுல ரெண்டு வரி கல்வெட்டு உள்ள போயிருச்சு, மேல தெரிஞ்சதுக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சுட்டாங்க. மணல் வீச்சு வச்சுக் கல்லச் சுத்தம் பண்றதும் அதே கததான், அழுக்கோட எழுத்தும் போகும். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929லயே தன் எல்லையில இருக்கிற கல்வெட்டுகள ஆயிரத்துக்கு மேல தொகுத்து புத்தகமா போட்டுச்சு. ராசா காலத்துல ஆள் அனுப்பிப் படியெடுத்தத, கையில கேமரா போன வச்சுக்கிட்டு நாம டைல்ஸ் போட்டு மூடுறோம்.

அப்புறம் குதிரை. குளமங்கலம் ஐயனார் கோயில் 33 அடிக் குதிரையப் பாத்துட்டு வந்ததுலருந்து நம்மாளுகளுக்கும் அதே மாதிரி சிமெண்டுல ஒண்ணு வேணுமாம். அந்தக் குதிரைக்கு மாசி மகத்துல ஆளாளுக்குக் காகித மாலை போடுற அழகு வேற, அது அந்த ஊரு நேர்த்திக்கடன். நம்ம ஐயனாருக்கு மொறை புரவி எடுப்பு. வேளார் கம்மா மண்ண எடுத்து மிதிச்சுக் குதிரை செஞ்சு சூளையில சுட்டுக் குடுப்பாரு, ஊரே தோள்ல தூக்கிட்டுப் போவோம். மழை வெயில்ல அது ஒடைஞ்சு மண்ணோட மண்ணாப் போகும், மறுபடி செய்வோம். சிமெண்டுக் குதிரை ஒரு தடவ வச்சா முடிஞ்சுது, வேளாருக்கு வேலையும் முடிஞ்சுது. இப்பவே அவரு மகன் திருப்பூருக்குப் போயிட்டான். குதிரைக்கு ஒதுக்குன காசுல அவருக்கு மூணு வருசத்துக்கு புரவி ஆர்டர் குடுக்கலாம், கம்மாத் தூர்வார்றப்ப வர்ற நல்ல மண்ண அனுமதி வாங்கி அவருக்கு எடுத்து வைக்கலாம். இது பாரம்பரியமா வளர்ச்சியா, எந்தத் தலைப்புல எழுதுவீங்க?

கணக்கப் பத்தி. உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தி மேடைக்கு மேட பேசுறோம், 919, 921ல பராந்தக சோழன் காலத்துல வெட்டுனது, குடவோலை, உலகத்துக்கே ஜனநாயகம்னு. அது நிலம் வச்சிருந்த பிராமண ஆம்பளைங்களுக்கு மட்டுமான சபைங்கறத விட்ருவோம். அதுல இருக்கிற ஒரு சரத்த மட்டும் டிரஸ்ட் ஆபீஸ் செவுத்துல எழுதி வைக்கலாம். வாரியத்துல, அதாவது சபையோட கமிட்டியில, இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் பேர மறுபடி ஓலையில எழுதக்கூடாது, அவன் சொந்தக்காரன் பேரையும் எழுதக்கூடாது. ஏரி வாரியத்துக்கும் இதே சட்டம்தான். இத அமல்படுத்துனா நம்ம டிரஸ்ட்ல பாதி மாமன் மச்சான் வீட்டுக்குப் போகணும், சொன்னா வருத்தப்படக் கூடாது.

'கவர்மெண்ட் கம்மா'ன்னு சொல்றவங்களுக்கு. ஆயக்கட்டு, அதாவது கம்மாத் தண்ணி பாயுற நெலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கொறவா இருந்தா ஊராட்சி ஒன்றியம். நம்மளது சின்னக் கம்மா, ஒன்றியத்துதான். கிராம சபையில தீர்மானம் போட்டு, ஒன்றியத்துல அனுமதி கேட்டு எறங்கலாம், சுத்துப்பட்டுல அப்படித்தான் செஞ்சிருக்காங்க. வண்டல் மண்ணு எடுக்க இப்ப தாசில்தார் அளவுலயே அனுமதி குடுக்குறாங்க. ஆனா ஜேசிபிய விட்டு நடுவுல பள்ளம் பறிக்கிற வேலை வேணாம், தூம்புப் பக்கம் இயந்திரமே போகக்கூடாது, தூணு சாஞ்சா நிமுத்துறதுக்கு ஆளில்ல. மொதல்ல கம்மாவுக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துவாரிய வெட்டுங்க, வரத்து இல்லாத கம்மாவ எவ்வளவு ஆழம் தோண்டுனாலும் அது வெறும் குழிதான்.

சிங்கப்பூர், துபாய் பங்காளிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறவங்க சொந்தச் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. அங்க குடியுரிமை வாங்கிட்டவங்க அனுப்புனா வரும், அதுக்கு எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு வேணும், நம்ம டிரஸ்ட்டுக்கு அது இல்ல. அதனால தயவு செஞ்சு செயலாளர் பர்சனல் அக்கவுண்டுக்குப் போடாதீங்க. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கெடைக்கிற 80ஜி ரசீது கேட்டு வாங்குங்க, ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்தா அந்த வரிச்சலுகையும் கெடையாது.

வளைவுக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கல, பொருளாளர் சித்தப்பாகிட்ட போன்ல கேட்டுட்டேன். அடுத்த கிராம சபைக்குள்ள கம்மாவ பட்ஜெட்ல ஏத்தச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போடுறவங்க டீக்கடைக்கு வாங்க, நோட்டு அங்கதான் இருக்கு. திட்டுறவங்க கமெண்ட்லயே திட்டுங்க, இன்பாக்ஸ் வேணாம்.