கருணைக்கடலும் ஒரு கத்தி மல்லியும்

(சிங்கப்பூர், தோவா பாயோவில் ஒரு நாலறை வீட்டின் கூடம். சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய ஆல்பங்கள், ஒரு பிஸ்கட் டின், எண்ணெய்க்கறை படிந்த நோட்டுப் புத்தகம். அப்பாயியின் முதல் வருஷத் திதிக்கு இன்னும் மூன்று வாரம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் தயாராக வேண்டும். எழுதும் பொறுப்பு தம்பிக்கு. திருத்தும் பொறுப்பைப் பெரியப்பா மகள் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.)

தம்பி: அக்கா, முதல் பக்கம் முடிச்சிட்டேன். கேளுங்க. "அன்பின் சிகரமே, பாசத்தின் பெட்டகமே, கருணைக்கடலே..."

அக்கா: நிறுத்து. யாரைப் பத்தி எழுதுற?

தம்பி: அப்பாயியைப் பத்தித்தான்.

அக்கா: கருணைக்கடலா? எழுபது காசு பாக்கி வரணும்னு கோழிக்கடைக்காரரை ரெண்டு புளோக் துரத்திக்கிட்டுப் போனவங்கடா.

தம்பி: அதை எப்படிக்கா மலர்ல போடுறது?

அக்கா: அதைத்தான் போடணும். நீ எழுதினதை எதிர்வீட்டுப் பாட்டி படத்துக்குக் கீழ ஒட்டினாலும் பொருந்தும். அவங்க இன்னும் உயிரோட வேற இருக்காங்க.

தம்பி: (அழிக்கிறான்) கடல் போச்சு. அடுத்த வரி கேளுங்க. "1995ஆம் ஆண்டு தை மாதம் பிறந்த எங்கள் அப்பாயி..."

அக்கா: எத்தனை?

தம்பி: தொண்ணூத்தஞ்சு.

அக்கா: உனக்கு என்ன வயசு?

தம்பி: நாப்பது. எனக்கும் கொஞ்சம் இடிச்சுச்சு. ஆனா ஜாதக நோட்டுல "யுவ வருஷம், தை மாதம்"னு தெளிவா இருக்கு. போன்ல தேடினா யுவ 1995னு வருது.

அக்கா: தமிழ் வருஷப் பேரு அறுபதுக்கு ஒரு தடவை சுத்தி வரும். போன சுத்துல பிரபவ 1927. அதுலேர்ந்து எண்ணு. பிரபவ, விபவ, சுக்ல, பிரமோதூத, பிரசோற்பத்தி, ஆங்கீரச, ஸ்ரீமுக, பவ, யுவ. ஒம்பதாவது. அப்ப 1935. அதுக்கடுத்த யுவதான் 1995.

தம்பி: சரி, 1935 தைன்னு மாத்திடுறேன்.

அக்கா: எல்லாரும் வழுக்கி விழுற இடம் அதான். யுவ வருஷம் பிறக்கிறது 1935 ஏப்ரல் நடுவுல, சித்திரை ஒண்ணுக்கு. தை பத்தாவது மாசம். அது வர்றதுக்குள்ள இங்கிலீஷ் காலண்டர் மாறிடும். தை, மாசி, பங்குனின்னா எப்பவும் ஒண்ணு கூட்டணும். மார்கழிக் கடைசியில பிறந்தவங்களுக்கும் அப்படித்தான். அப்பாயி பிறந்தது 1936.

தம்பி: ஐசியில 1934னு இருக்கே?

அக்கா: இங்க அடையாள அட்டை குடுக்க ஆரம்பிச்சது 1948ல. கூடப் போன யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாங்க.

தம்பி: அப்ப ஜாதகத்தையும் யாரோ வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தா? எதைத்தான் நம்புறது?

அக்கா: பல்லை.

தம்பி: பல்லையா?

அக்கா: "ஜப்பான்காரன் ஊரைப் பிடிச்ச வாரம் எனக்குக் கீழ்ப்பல்லு ஆடுச்சு, அப்பாதான் நூலைக் கட்டி இழுத்தாரு"ன்னு அப்பாயி சொல்வாங்கல்ல? சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. கீழ் முன்பல்லு ஆறு வயசு வாக்குல ஆடும். கழிச்சுப் பாரு.

தம்பி: 1936! ஜாதகமும் பல்லும் ஒண்ணையே சொல்லுதுக்கா!

அக்கா: ஐசி கணக்குப்படி அப்ப எட்டு வயசு. அந்த வயசுல அந்தப் பல்லு விழுந்து புதுசே முளைச்சிருக்கும். பெரியவங்க வருஷம் சொல்ல மாட்டாங்க. பல்லு, பஞ்சம், வெள்ளம், யாரு கல்யாணம், இப்படித்தான் சொல்வாங்க. வருஷத்தை நாமதான் கண்டுபிடிக்கணும்.

தம்பி: நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்.

அக்கா: நம்ம சிங்கப்பூர்த் தமிழ் முரசு பத்திரிகை ஆரம்பிச்சது 1935 ஜூலை. அப்பாயிக்கு ஆறு மாசம் மூத்தது. அப்படி எழுது, படிக்கிறவங்களுக்குச் சட்டுன்னு பிடிபடும்.

தம்பி: "முரசுக்கு ஆறு மாதம் இளையவர்." இதோட "சத்தத்தில் முரசுக்கு மூத்தவர்"னு சேர்க்கவா?

அக்கா: (யோசித்து) சேர்.

தம்பி: பிறந்தது செம்பவாங் பக்கம் ரப்பர்த் தோட்ட லயம், அதான் தொழிலாளிங்க வரிசை வீடு, கல்யாணத்துக்கு அப்புறம் சிராங்கூன் சாலையில வாடகை ரூம், 1969லேர்ந்து தோவா பாயோ ஏழாவது மாடி. இதை மூணே வரியில முடிச்சிட்டேன்.

அக்கா: முடிச்சுக்கோ. ஆனா லிப்ட்டை விட்டுட்டியே? அப்ப லிப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது. நம்ம புளோக்ல அஞ்சுல நிக்கும், அப்புறம் ஒம்பதுலதான். வெறுங்கையா வந்தா அப்பாயி அஞ்சுல இறங்கி ரெண்டு மாடி ஏறுவாங்க. அரிசி மூட்டை இருந்தா ஒம்பது வரைக்கும் போய் ரெண்டு மாடி இறங்குவாங்க.

தம்பி: இதை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க?

அக்கா: அதையும் எழுது, பள்ளிக்கூடமே போகலைன்னு. சரி, கல்யாணப் படம் எங்க?

தம்பி: (தயங்கி) பாதி இங்க இருக்கு.

அக்கா: மீதி?

தம்பி: ஆல்பத்துலயே இருக்கு. பிய்ச்சேன். அப்பாயி வந்துட்டாங்க, தாத்தா வரலை.

அக்கா: அடப்பாவி! அந்த ஒட்டுற ஆல்பம் சரியான சனியன்டா. மேல பிளாஸ்டிக், அடியில பசை. வருஷமாக ஆகப் பசை இறுகிப்போகும். விரலால நெம்பினா படம் கிழியத்தான் செய்யும். பல்லிடுக்குல விடுற நூல் இருக்குல்ல, மெழுகு தடவாதது, அதை ஒரு மூலையில நுழைச்சு ரம்பம் அறுக்கிற மாதிரி மெதுவா இழுத்துக்கிட்டே போகணும்.

தம்பி: அப்பாயிக்குப் பல்லையும் நூல் கட்டித்தான் எடுத்தாங்க.

அக்கா: வாயை மூடிக்கிட்டுக் கேளு. நூலுக்கு மசியலைன்னா, தலைமுடி காய வைக்கிற மிஷினைக் குறைஞ்ச சூட்டுல வச்சு, அட்டையோட பின்பக்கம் சில விநாடி காட்டு. சூடு ஏறினா படம் சுருண்டுக்கும். அப்பவும் வரலைன்னா கையை வைக்காதே, பக்கத்தோட ஸ்கேன் பண்ணிடு. 600 டிபிஐ. பின்னாடி ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து எது இருந்தாலும் அதையும் எடு. நீயா பேர் எழுதுறதா இருந்தா மெத்துன்னு எழுதுற பென்சில்தான். பேனா அழுத்தினா முன்பக்கம் மூஞ்சியில தழும்பா தெரியும்.

தம்பி: ஸ்கேன் பண்ணினதை எல்லாம் அச்சுக்கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்.

அக்கா: படமாவா, ஃபைலாவா?

தம்பி: படமா.

அக்கா: போச்சு. படமா அனுப்பினா அது அளவைச் சுருக்கிடும். அச்சுல அப்பாயி மூஞ்சி கட்டம் கட்டமா வரும். டாக்குமென்டா திருப்பி அனுப்பு. மலர் மொத்தம் எத்தனை பக்கம்?

தம்பி: ஒம்பது.

அக்கா: நடுவுல பின் அடிக்கிற புத்தகம்டா. ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். எட்டு, இல்ல பன்னெண்டு. ஒம்பதுன்னா மூணு பக்கம் வெள்ளையா நிக்கும்.

தம்பி: அந்த மூணு பக்கத்துக்கு ஈஷூன்ல இருக்கிற சின்ன அப்பாயி சொன்னதைப் போடலாம்னு பார்த்தேன். போய் அம்பத்திரண்டு நிமிஷம் ரெக்கார்டு பண்ணினேன்.

அக்கா: பரவாயில்லையே! போடு, கேப்போம்.

(தம்பி போனைத் தட்டுகிறான். கடகடகடகட என்று சத்தம்.)

அக்கா: சின்ன அப்பாயிக்கு என்ன ஆச்சு?

தம்பி: அது ஃபேன்.

அக்கா: ஃபேனுக்கு நேர் கீழ வச்சியா? முதல்ல ஃபேனை நிறுத்தணும். போனை வெறும் மேசையில வைக்கக் கூடாது, கோப்பி கிளாசை வச்சாக்கூட இடி இடிக்கும். நாலா மடிச்ச துண்டு மேல வை. ஏரோப்ளேன் மோட்ல போடு, நடுவுல போன் வந்தா ரெக்கார்டு அறுந்துடும். புழுக்கத்துல அவங்க களைச்சுப் போறதுக்குள்ள நிறுத்திடு, நாப்பது நிமிஷமே அதிகம். என்ன கேட்ட?

தம்பி: "உங்க அக்காவைப் பத்திச் சொல்லுங்க"ன்னேன். "நல்லவங்க"ன்னாங்க. அப்புறம் அம்பத்தோரு நிமிஷம் என் சம்பளத்தைப் பத்தி விசாரிச்சாங்க.

அக்கா: உன் கேள்வி அப்படி. "லயத்துல அடுப்பு எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டுப் பாரு. அடுப்புல தொடங்கி, விறகு யாரு பொறுக்கினா, யாரு அடி வாங்கினான்னு தானா வரும். நான் போன தடவை கேட்டப்ப, ஜப்பான் காலத்துல அரிசி கிடைக்காம மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்குன்னு ஆரம்பிச்சாங்க. நிறுத்தவே முடியலை.

தம்பி: ஓ, அதனாலதான் அப்பாயி சாகுற வரைக்கும் மரவள்ளியைத் தொடலையா?

அக்கா: தொடலை. மலாய்க்காரங்க கடையில விக்கிற பிங்கா ஊபி பலகாரம் மட்டும் ரெண்டு துண்டு சாப்பிடுவாங்க.

தம்பி: அக்கா, பிங்கா ஊபியே மரவள்ளிதானே?

அக்கா: அதை யாரும் அவங்ககிட்ட சொல்லலை.

தம்பி: (சிரித்துக்கொண்டே எழுதுகிறான்) கடைசிப் பக்கத்துக்கு அப்பாயி கறிப்பொடி. நோட்டுல அவங்க சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்காங்க. ஆனா ஒண்ணும் புரியலை. "மல்லி ஒரு கத்தி, மிளகாய் அரைக் கத்தி." மல்லியைக் கத்தியால வெட்டணுமா? அரைக் கத்தின்னா உடைஞ்ச கத்தியா?

அக்கா: மேல படி.

தம்பி: "சீரகம் மூணு தாயில்." இது எந்தத் தாய்? அம்மாகிட்ட கேட்டுக்கணுமா?

அக்கா: ஐயோ ஆண்டவனே! மலாய் நிறைடா. காத்தி, தாஹில். பாசார்ல அந்தக் காலத்துல எல்லாமே அந்தக் கணக்குத்தான். பதினாறு தாயில் ஒரு கத்தி. ஒரு கத்தி 605 கிராம் வரும், ஒரு தாயில் 38 கிராம் கிட்ட. எழுபதுகள்ல அரசாங்கம் கிலோவுக்கு மாத்திடுச்சு. அப்பாயி மாறலை.

தம்பி: அப்ப மல்லி 600, மிளகாய் 300, சீரகம் மூணு தாயில் 115, சோம்பும் அதே. மிளகு ரெண்டு தாயில் 75. மஞ்சள் ஒண்ணு, 38. எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி வறுக்கணும்.

அக்கா: அப்படி எழுதியிருக்கா?

தம்பி: இல்ல. நானா சேர்த்தேன்.

அக்கா: நீயா சேர்க்காதே. மல்லி சூடாகுறதுக்குள்ள சீரகம் கருகிக் கசந்துடும். தனித்தனியா வறுக்கணும். மல்லி மணம் வந்து கையில நொறுங்கணும். மிளகாய்க்குச் சின்னத் தீ, மொறுமொறுன்னு ஆனாப் போதும், நிறம் மாறக் கூடாது. அப்புறம் துணியில பரப்பி நல்லா ஆற விடணும். இங்க இருக்கிற ஈரக்காத்துல சூட்டோட அரைச்சு டின்னுல அடைச்சா ஒரே வாரத்துல கட்டி கட்டும், பூசணம் பிடிக்கும். விரலி மஞ்சளை உலக்கையால உடைச்சுட்டு மில்லுக்குக் கொண்டு போ. மில்லுல முதல் ரெண்டு கை வர்றது முன்னாடி அரைச்சவங்களோட பொடி. அதைத் தனியா எடுத்துடணும்.

தம்பி: அப்பாயி எடுப்பாங்களா?

அக்கா: எடுத்து, முகர்ந்து பார்த்து, முன்னாடி போனவங்க என்ன குழம்பு வைக்கப் போறாங்கன்னு சொல்வாங்க. ஆனா எனக்கு ஒண்ணுதான்டா புரியலை. எங்கம்மாவும் நாப்பது வருஷமா இதே கணக்குல, இதே மில்லுல அரைக்கிறாங்க. அப்பாயி குழம்பு கறியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். எங்கம்மா குழம்புல தண்ணி தனியா, கறி தனியா நிக்குது. தேங்காயும் கிடையாது ரெண்டு பேருக்கும்.

தம்பி: (பக்கம் திருப்பி) அக்கா, பின்பக்கம் இன்னும் இருக்கு. "புழுங்கலரிசி ரெண்டு தாயில், பொன்னிறமா வறுத்துச் சேர்க்கணும்."

அக்கா: அதான்! அரிசிதான் குழம்பைப் பிடிச்சு வைக்குது! இதை ஏன் எங்கம்மாகிட்ட அப்பாயி சொல்லவே இல்லை?

தம்பி: அதுக்கும் கீழ ஒரு வரி இருக்கு.

அக்கா: படி.

தம்பி: "முக்கியம். பெரிய மருமகளுக்கு இதைச் சொல்ல வேண்டாம்."

(மேலே ஃபேன் மட்டும் சுற்றுகிறது.)

தம்பி: பெரிய மருமகள்னா பெரியம்மாதானே?

அக்கா: தெரியும்.

தம்பி: நூத்தம்பது பிரதிக்கா. முதல் பிரதி பெரியம்மா கையிலதான் குடுக்கப் போறோம். நானா எதையும் மாத்தக் கூடாதுன்னு வேற சொன்னீங்க.

அக்கா: அரிசி இருக்கட்டும்.

தம்பி: அதுக்குக் கீழ இருக்கிற வரி?

அக்கா: முதல்ல என்னமோ எழுதியிருந்தியே, சிகரமோ, கடலோ...

தம்பி: கருணைக்கடல். நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க.

அக்கா: அதை அந்த இடத்துல போட்டுடு.