கேட்டால் எண்ணம் வந்துவிடாது

"மருத்துவ பீடப் பிள்ளைகளிடம் தற்கொலை பற்றிக் கேட்காதீர்கள், கேட்டாலே அந்த எண்ணம் வந்துவிடும்" என்று ஒரு மெசேஜ் யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. அக்கறையோடு நேரடியாகக் கேட்பது எண்ணத்தை விதைக்காது, உள்ளே வைத்துப் புழுங்குகிறவருக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2014 தற்கொலைத் தடுப்பு அறிக்கையிலேயே இதைக் கட்டுக்கதை என்று போட்டிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். 2016இல் ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த தொகுப்பாய்வில், மனச்சோர்வு அறிகுறி இருந்த மருத்துவ மாணவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 15.7 வீதம்தான். ("டொக்டராகப் போற பிள்ளைக்கு என்ன கவலை" என்று நாங்கள்தானே வாயை அடைக்கிறோம்.) பிள்ளை நித்திரையில்லாமல், ஒருவரோடும் சேராமல் இருந்தால் இருத்தி வைத்துக் கதையுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம். அந்த மெசேஜ் வந்தால் சரி, உங்களோடு நிற்கட்டும், மற்றவருக்கு அனுப்ப வேண்டாம்.