மானுவலுக்காக ஒரு வார்த்தை

2006இல் வந்த பிலிப்பைன்ஸ் காதல் படம் 'குளோஸ் டு யூ'வை, முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று அதைப் பற்றிய விமர்சனக் கட்டுரை ஒன்றில் கட்டுரையாளர் ஒதுக்கியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. யார் யாரோடு சேர்வார்கள் என்று தெரிந்துகொள்ளவா இதைப் பார்க்கிறோம்? சிறுவயதில் மனதில் இடம்பிடித்த லான்ஸ் இன்று ராக் பாடகன். அவனைத் தேடிப் புறப்படுகிறாள் மரியன். அவளை உள்ளுக்குள் காதலிக்கும் நண்பன் மானுவலே துணைக்குப் போகிறான். அவள் இன்னொருவனைப் பற்றி ஆசையாகப் பேசும்போதெல்லாம் மானுவலாக நடித்த ஜான் லாயிட் குரூஸ் கண்ணில் காட்டும் தவிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். மரியனாக வரும் பியா அலோன்சோவும் சளைத்தவர் இல்லை. லான்ஸாக வரும் சாம் மில்பிதான் கொஞ்சம் விறைப்பு. அப்புறம், கேத்தி கார்சியா-மோலினாவின் இயக்கத்தைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! 2019இல் 'ஹலோ, லவ், குட்பை' படத்தை எடுத்தவரும் அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.