பேரனுக்குக் கிடைத்த கூலி

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "தொழிற்புரட்சி வந்தப்பவும் இப்படித்தான் பயந்தாங்க. என்ன ஆச்சு? வேலை பெருகுச்சு, வசதி வந்துச்சு. எல்லாம் தானா சரியாயிடும்." சுற்றி இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். வேலை பெருகியதும் வசதி வந்ததும் உண்மைதான். தானாக வந்தது என்பதுதான் பொய். எத்தனை வருஷம் கழித்து வந்தது, யார் வீட்டுக்கு வந்தது என்பதையும் இவர்கள் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயர் கைத்தறி நெசவாளர்களையே எடுத்துக்கொள்வோம். இயந்திரம் வந்த மறுநாளே அவர்கள் தெருவுக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். நடந்தது அதைவிடக் குரூரமானது. முதலில் இயந்திரத்துக்குப் போனது நெசவு இல்லை, நூற்பு. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769ல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1771ல் குரோம்ஃபோர்டில் நீர்விசையில் ஓடும் ஆலையைத் தொடங்கினார். நூல் மலிந்து குவிந்தது, நெய்வதற்கு ஆள் போதவில்லை. கைத்தறிக்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் தறி போட்டார்கள். எட்மண்ட் கார்ட்ரைட் கண்டுபிடித்த விசைத்தறி, அதாவது கை இல்லாமல் இயந்திர விசையில் ஓடும் தறி, 1785லேயே வந்துவிட்டது, ஆனால் ஒழுங்காக ஓடி ஊரெல்லாம் பரவ இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. அதற்குள் தறியை நம்பி வாழ்ந்தவர்கள் சுமார் 2,40,000 பேர். ஆள் பெருகியதிலேயே கூலி சரிய ஆரம்பித்திருந்தது, விசைத்தறி மிச்சத்தையும் முடித்துவைத்தது. 1806 வாக்கில் வாரம் இருபது ஷில்லிங் பார்த்த நெசவாளிக்கு 1830களில் ஆறு ஷில்லிங் கிடைப்பதே பாடாகிவிட்டது.

"வேற வேலைக்குப் போயிருக்கலாமே" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. ஆலைக்காரர்கள் தேடியது பெண்களையும் குழந்தைகளையும், அவர்களுக்குக் கூலி குறைவு என்பதால். நாற்பது வயதுத் தறிக்காரரை எந்த ஆலை எடுத்துக்கொள்ளும்?

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். 1808ல் நாடாளுமன்றம் அந்த மசோதாவைத் தள்ளிவிட்டது. கூலியைச் சந்தைதான் முடிவு செய்ய வேண்டுமாம், சட்டம் தலையிடக்கூடாதாம். அதே நாடாளுமன்றம்தான் 1799லும் 1800லும் தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து கூலி கேட்பதையே குற்றமாக்கியது. அங்கே மட்டும் சட்டம் தாராளமாகத் தலையிட்டது!

மனுவும் கூடாது, சங்கமும் கூடாது என்றான பிறகுதான் சுத்தியல் வந்தது. அப்படித் தறி உடைத்தவர்களுக்கு லுடைட்டுகள் என்று பெயர். லுடைட்டுகள் என்றால் இன்றைக்கு இயந்திரத்தைக் கண்டு மிரண்ட மூடர்கள் என்று பொருளாகிவிட்டது. 1811ல் நாட்டிங்ஹாம்ஷயரில் காலுறைத் தறிகளை உடைத்தவர்கள் எல்லாத் தறியையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்து மட்டமான சரக்கு ஓட்டிய முதலாளிகளின் தறிகளைத்தான் பெரும்பாலும் தேடிப்போனார்கள். பதிலுக்கு 1812ல் தறியை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் தன் முதல் உரையிலேயே அதை எதிர்த்துப் பேசினார், பலிக்கவில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

இதில் அரசியல் எங்கே வருகிறது என்றால், அன்றைக்கு உலகத்துக்கே துணி அனுப்பிக்கொண்டிருந்த லங்காஷயரின் மான்செஸ்டருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஓல்டு சாரம் என்று ஒரு தொகுதி, ஏறக்குறைய ஆளே இல்லாத மேடு, அதற்கு இரண்டு உறுப்பினர்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டு சுமார் 60,000 பேர் கூடினார்கள், அதில் நெசவாளர்கள் ஏராளம். குதிரைப்படையை ஏவினார்கள். குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். 1832ல் வந்த தேர்தல் சீர்திருத்தம் மான்செஸ்டருக்கு இடம் கொடுத்தது, ஆனால் ஓட்டுரிமை சொத்துள்ளவர்களுக்கு மட்டும். நகரத்து ஆண் தொழிலாளிகளில் பெரும்பகுதிக்கு ஓட்டு வந்தது 1867ல்தான். பெண்களுக்கு ஆண்களோடு சமமாக வந்தது 1928ல்.

ஆலைக்குள் நடந்ததும் இதே வேகத்தில்தான். 1833 சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அதற்கு முன் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். மேற்பார்வைக்கு நாடு முழுக்க நான்கே ஆய்வாளர்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்று சட்டம் வந்தது 1847ல். ஆர்க்ரைட் ஆலை தொடங்கி 76 வருஷம்! 1780க்கும் 1840க்கும் நடுவில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி நன்றாகவே உயர்ந்தும் உண்மைக் கூலி பெரிதாக அசையவில்லை என்று பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் கணக்குப் போட்டிருக்கிறார். அதோடு உடன்படாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் நஷ்டத்துக்குப் பேரனின் லாபத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

சரி, அரசியல் புரட்சி நடந்த பிரான்சில் நிலைமை மேலாக இருந்திருக்கும் என்று நினைப்போம். 1789 ஆகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம். இரண்டே வருஷத்தில், 1791 ஜூனில், லெ ஷாப்பெலியே சட்டம். அதன்படி தொழிலாளர்கள் சங்கம் வைக்கக்கூடாது, வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. சுதந்திரத்தின் பேரால்தான் இதையும் செய்தார்கள். ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து அந்தத் தொழிலைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த பழைய தொழிற்குழுக்கள் தனிமனித உரிமைக்கு எதிரானவை, சங்கமும் அப்படித்தான் என்று வாதம். பிரான்சில் தொழிற்சங்கம் சட்டப்படி செல்லுபடியானது 1884ல். நடுவில் எத்தனை ஆட்சிகள் கவிழ்ந்தன என்று எண்ணிப் பாருங்கள், இந்தத் தடையின் பெரும்பகுதி எல்லாவற்றையும் தாண்டி நின்றது. 1794ல் காலனிகளில் ஒழித்த அடிமை முறையை 1802ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். அது ஒழிய 1848 ஆகிவிட்டது.

அடிமை முறை என்றதும் மான்செஸ்டருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த ஆலைகளுக்குப் பஞ்சு வந்தது பெரும்பாலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து. அமெரிக்காவில் 1790ல் சுமார் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860ல் ஏறக்குறைய நாற்பது லட்சம். இயந்திரம் வேலைச்சுமையைக் குறைக்கும் என்கிறோமே, பருத்திக் காட்டில் இருந்தவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

நம்மிடமும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ல் வந்தது. ஏழு வயதுக்குக் கீழ் வேலை கூடாது, பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அழுத்தம் கொடுத்தவர்களில் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் உண்டு, பம்பாய் ஆலைகளின் மலிவான கூலி அவர்களுக்குப் போட்டியாகிவிட்டதால். அப்புறம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சங்கம் வேலையைக் கெடுக்கிறது என்று ஆலை நிர்வாகம் வழக்குப் போட, உயர் நீதிமன்றம் வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவு கொடுத்தது. தொழிலாளர்கள் கூட்டுச் சேர்வது குற்றம் என்ற சட்டத்தை இங்கிலாந்து 1824லேயே நீக்கிவிட்டது, அதன் நிழல் இங்கே நூறு வருஷம் கழித்து வந்து விழுந்தது. அந்த வழக்கு கிளப்பிய சூட்டில்தான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

எனவே தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இயந்திரத்தைப் பற்றி இல்லை. இயந்திரம் வந்ததற்கும் பலன் வருவதற்கும் நடுவிலான இந்த இடைக்காலத்தில் ஓட்டு யாரிடம் இருக்கிறது, சங்கம் வைக்க விடுகிறார்களா, ஆய்வாளர் எத்தனை பேர்? வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2023 ஏப்ரலில். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால் பத்தே நாளில், மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அதுவும் தானாகச் சரியானதில்லை.