ஸ்டேக் கத்தி எத்தனை இருக்கு என்று முதலில் கேளுங்கள்

இருபது, இருபத்தைந்து பேரோடு பிறந்தநாள் இரவுச் சாப்பாடு, அதுவும் ஸ்டேக் (தடிப்பாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) என்று முடிவானால், திருகோணமலையில் நம் ஆக்கள் இரண்டு விஷயம்தான் பார்ப்பார்கள். கடல் தெரியுமா? படம் எடுக்க இடம் வடிவா இருக்குமா? இரண்டு பேர் போகிற சாப்பாட்டுக்கு அது போதும். இருபத்திநாலு பேர் போகும்போது அந்த இரவு நல்லா முடியுமா என்பது குசினிக்குள் இருக்கிற கிரில்லின் அகலத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து நடுத்தர ஹோட்டல் ஒன்றின் கிரில்லில் ஒரே நேரத்தில் ஆறு, மிஞ்சினால் எட்டுத் துண்டு வைக்கலாம். அதற்கு மேல் அடுக்கினால் சூடு இறங்கி, இறைச்சி பொரியாமல் தன் தண்ணியிலேயே அவியும். இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பான துண்டு மீடியத்துக்கு (உள்ளே இளஞ்சிவப்பு) வர 8 முதல் 10 நிமிடம், வெல் டன்னுக்கு (உள்ளே முழுக்க வெந்தது) 12 முதல் 15 நிமிடம். பிறகு வெட்டாமல் ஐந்து நிமிடம் ஓய்வு. பதினெட்டுப் பேர் ஸ்டேக் சொன்னால் மூன்று சுற்று. முதல் ஆறு பேர் சாப்பிட்டு முடிக்கிற நேரம் கடைசி ஆறு பேருக்குக் கோப்பை வரும். மரியாதைக்கு எல்லாருக்கும் வரட்டும் என்று காத்திருந்தால் முதல் ஆறும் ஆறிப் போகும். இல்லாவிட்டால் குசினிக்காரர் முதல் சுற்றைச் சூட்டு விளக்குக்கு அடியில் வைத்துக் காப்பார், மீடியம் கேட்டவருக்கு வெல் டன் கிடைக்கும். இதில் சமைக்கிறவரின் பிழை ஒன்றுமில்லை. ஓடர் கொடுத்த விதம்தான் பிழை.

அதனால் என் கட்சி இதுதான்: பெரிய கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஸ்டேக் சொல்லக் கூடாது. முழுத் துண்டாகச் சமைத்து, வெட்டிப் பரிமாற ஒத்துக்கொள்கிற குசினியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்யத் தெரிந்த இடம் மெனு அட்டையில் நாற்பது வகை எழுதி வைத்த இடத்தைவிட எவ்வளவோ மேல்.

எப்படிச் செய்வது என்றும் சொல்கிறேன், நீங்கள் போய்ச் சொல்ல வசதியாக இருக்கும். இறைச்சிக் கடையில் நாங்கள் 'அண்டர்கட்' என்று கேட்டு வாங்குவதுதான் ஹோட்டல் மெனுவில் ரெண்டர்லொயின், ஃபிலே என்று வருவது. நம்மூர் மாட்டில் அது ஒன்று ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். மேலே இருக்கிற வெள்ளைச் சவ்வையும் பக்கத்தில் ஒட்டியிருக்கிற கொடிச் சதையையும் எடுத்தால் கால்வாசி வரை கழிந்துவிடும். மேசையில் மீனும் கோழியும் இருக்கும்போது மாட்டிறைச்சி சாப்பிடுகிற ஒருவருக்குச் சுத்தம் செய்த பச்சை இறைச்சி 180 முதல் 200 கிராம் போதும். பன்னிரண்டு பேர் என்றால் சுத்தம் செய்தபின் சுமார் இரண்டேகால் கிலோ, அதாவது ஒன்றரைக் கிலோ முழுத் துண்டு என்றால் இரண்டு, ஒரு கிலோ என்றால் மூன்று. மெனுவில் 250 கிராம் என்று போட்டிருப்பதெல்லாம் பச்சை நிறைதான், சமைத்ததும் 200க்குக் கிட்ட வந்துவிடும். கோப்பையைப் பார்த்துவிட்டு "அளவு குறைச்சுப்போட்டாங்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

முழுத் துண்டை உப்பு, மிளகு தடவி, 120 பாகை ஓவனில் மெதுவாக வைக்க வேண்டும். உள்ளே 55 பாகை வர முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம். ஆக்கள் வந்து இருந்து சூப் குடிக்கிற நேரம் அது தன்பாட்டில் வேகும், கிரில் முழுக்க மீனுக்கும் கோழிக்கும் இறாலுக்கும் கிடைக்கும். பிறகு நல்ல தணல் சூட்டில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். வெளிப்பக்கம் கடும் மண்ணிறமாகி, கொழுப்பு எரிகிற மணம் வரும்போது எடுத்துப் பத்து நிமிடம் விட்டால், உள்சூடு இன்னும் சில பாகை ஏறி மீடியத்தில் நிற்கும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டித் தட்டில் அடுக்கினால் நடுத்துண்டுகள் இளஞ்சிவப்பு, மெல்லிய வால் பக்கம் நன்றாக வெந்தது. "எனக்கு நல்லாக் கருக வேணும்" என்கிற மாமாவுக்கு வெட்டிய துண்டை ஒரு நிமிடம் கிரில்லில் திருப்பிப் போட்டால் வெல் டன். முழு ஸ்டேக்கை அந்த நிலைக்குக் கொண்டுவர எடுக்கிற கால் மணித்தியாலம் மிச்சம்.

தட்டில் ஊறுகிற சிவப்புத் தண்ணியை இரத்தம் என்று நினைத்து முகம் சுளிக்கிறவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு பேர் இருப்பார்கள். அது இரத்தம் இல்லை, தசைக்குள் இருக்கிற மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். வெட்டுமுன் ஓய்வு கொடுத்திருந்தால் அதுவும் குறைவாகத்தான் வரும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும் உள்ளே சிவப்பில்லாமல் கொடுங்கள். அரைத்த இறைச்சியில் செய்த பர்கர் என்றால் எல்லாருக்குமே முழுக்க வெந்திருக்க வேண்டும்.

இனி இடம் பார்க்கிற கதை. பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்க் குளிர்பானம் குடித்துவிட்டு "நல்ல இடம்" என்று வராதீர்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போய், ஒரே ஒரு ஸ்டேக் மீடியம் என்று சொல்லி, வந்ததும் நடுவில் வெட்டிப் பாருங்கள். மேலே மண்ணிறப் பொருக்கு இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால் கிரில்லில் சூடு காணாது. மேற்பரப்பு ஈரல் மாதிரிக் குழைந்து, பல் படாமலே உதிர்ந்தால் பப்பாசிக்காய் போட்டு அதிக நேரம் ஊறவைத்திருக்கிறார்கள். நம்மூர் மாடு கொழுப்புக் குறைந்தது, வயதும் கூடினது, அதனால் ஊறவைப்பதில் தப்பில்லை. அரை மணித்தியாலத்துக்குப் போட வேண்டியதை இரவு முழுக்கப் போடுவதுதான் வினை. இறக்குமதி இறைச்சி என்றால் பெரும்பாலும் உறைநிலையில் வந்தது. இரண்டு கிலோத் துண்டு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகக் குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும். அன்று காலையில் உங்கள் எண்ணிக்கையைச் சொன்னால் சுடுதண்ணியில் போட்டு இளக்குவார்கள், இறைச்சியின் சாறெல்லாம் தொட்டிக்குள் போய்விடும். கடைசி எண்ணிக்கையை இரண்டு நாளுக்கு முன் கொடுப்பது உங்கள் கடமை.

பிறகு மனேச்சரிடம் கேட்க வேண்டியது. இப்படித்தான் போகும்:

"அண்ணை, ஸ்டேக் கத்தி எத்தனை வைச்சிருக்கிறீங்கள்?"

"எல்லாம் இருக்கு தம்பி, பிரச்சினையில்லை."

"எண்ணிச் சொல்லுங்கோ அண்ணை."

எண்ணினால் ஒன்பது இருக்கும். மிச்சப் பேர் பட்டர் பூசுகிற கத்தியோடு மல்லுக்கட்டுவார்கள், முள்ளுக்கரண்டி வளையும், கோப்பை சறுக்கிப் பக்கத்தில் இருப்பவரின் மடியில் சோஸ் கொட்டும். இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலிலேயே அந்த இடம் பெரிய கூட்டத்துக்கு ஸ்டேக் கொடுத்துப் பழகினதா என்று தெரிந்துவிடும். அடுத்தது, சூடாக்கின கோப்பையில் தருவார்களா? கடற்கரை மேசை என்றால் இது கட்டாயம். கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்றுக்கு ஐந்து நிமிடத்தில் சாப்பாடு ஆறி, சோஸ் மேலே தோல் கட்டும், கேக்கில் மெழுகுதிரி ஒன்றும் நிற்காது. கார்த்திகை, மார்கழி என்றால் மழை, கூரையில்லாத இடத்தை நினைக்கவே வேண்டாம். மணலில் பிளாஸ்ரிக் கதிரையின் கால் புதையும், அம்மம்மாமார் எழும்ப இரண்டு பேர் வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் குசினிக்கும் இருக்கா, வெளி விளக்குக்கு மட்டுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

சிஸ்லிங் பிளேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதற்கு ஒரு மயக்கம் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் கோவா இலையைப் போட்டு, மேலே இறைச்சியை வைத்து, பட்டரை ஊற்றிப் புகை பறக்கக் கொண்டு வருவார்கள். சத்தம் எடுபடும். தட்டின் சூட்டில் இறைச்சி தொடர்ந்து வேகும், இரண்டு படம் எடுத்து முடிக்குமுன் மீடியம் போயிற்று. இருபது தட்டு ஒரே நேரத்தில் என்றால் ஏசி அறை முழுக்கப் புகை, பக்கத்தில் எட்டிப் பார்க்கிற பிள்ளையின் கையும் சுடும். பெரிய கூட்டத்துக்கு அது வேண்டாம். ஆசைக்கு பிறந்தநாள்காரருக்கு மட்டும் ஒன்று சொல்லுங்கள்.

மேசையில் யார் யார் இருப்பார்கள் என்பதுதான் திருகோணமலையில் உண்மையான சிக்கல். ஒரே மேசையில் மாட்டிறைச்சி தொடாத சைவசமயத்தவர், மச்சமே தொடாத பெரியம்மா, கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் நண்பர், தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி ஒறுக்கிற கத்தோலிக்கர், சிங்கள நண்பர் எல்லாரும் இருப்பார்கள். திகதி குறிக்குமுன் கலண்டரை எடுங்கள். வெள்ளிக்கிழமை அரைவாசிப் பேர் மச்சம் சாப்பிடமாட்டார்கள். போயாவில் மதுவும் கிடைக்காது, இறைச்சிக் கடையும் பூட்டு. கந்தசஷ்டி ஆறு நாள், கேதார கௌரி விரதம், புரட்டாதிச் சனி, நவராத்திரி, திருவெம்பாவை எல்லாம் பார்க்க வேண்டும். நோன்பு மாதம் என்றால் எட்டு மணிக்குப் போடுகிற மேசை தராவீஹ் என்ற இரவுத் தொழுகையோடு முட்டும்.

ஹலாலா என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். பிரித்துக் கேளுங்கள். இறைச்சி எங்கே வாங்குகிறது? பேகன் (பன்றி இறைச்சி) சுற்றின ஃபிலே அதே கிரில்லில் போடுகிறதா? மிளகுச் சோஸில் பிராந்தி ஊற்றுகிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். மெனுவில் வெறும் 'பெப்பர் சோஸ்' என்றிருக்கும், செய்முறையில் பிராந்தி இருக்கும். சைவக்காரருக்கும் ஒரு பொறி உண்டு: வூஸ்டர் சோஸில் வழமையாக நெத்தலி வகை மீன் இருக்கும், அது காளான் சோஸுக்குள்ளும் போகும். ஒரே கிரில் என்றால் சைவச் சாப்பாட்டை, கம்பியைச் சுரண்டித் துடைத்து, முதல் சுற்றாகப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தனித் தாச்சியில் செய்யட்டும். அவர்களுக்கு அவித்த கரட்டும் பிரைட் ரைஸும் கொடுத்து ஒரு மூலையில் இருத்துவது அவமரியாதை. சோளம், கத்தரிக்காய், காளான், அன்னாசி எல்லாம் தணலில் நன்றாக எடுபடும். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து, வடித்த மூதூர் எருமைத் தயிரில் உள்ளி, உப்பு, கொத்தமல்லி கலந்து வைத்தால் இறைச்சிக்காரரும் கை நீட்டுவார்கள்.

கடல் பக்கத்தில் இருந்துகொண்டு மீனை விடுவது எனக்கு விளங்காத விஷயம். மூன்று கிலோப் பாரை ஒன்றை, எலும்பு வரை கீறல் போட்டு, மஞ்சள், மிளகு, தேசிக்காய் தடவி, வாழையிலையில் சுற்றித் தணலில் வைத்தால் முக்கால் மணியில் வரும். தலை, எலும்பு போனால் பாதி நிறைதான் சாப்பிடக் கிடைக்கும். இருபத்திநாலு பேருக்கு மற்றச் சாப்பாட்டோடு இரண்டு மீன் காணும்.

காசு. மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனம். 5000 ரூபாய்க்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்த்தால் 5500, அதற்கு மேல் 18 வீதம் வற் (VAT) வரி என்றால் 6490. இருபத்திநாலு பேருக்கு வித்தியாசம் 35,760 ரூபாய். பில் வந்தபின் இதற்காக மேசையில் முகம் மாறுவதைவிட, "எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு" என்று எழுத்தில் வாங்கி, வட்சப்பில் போட்டு, முற்பணம் கொடுக்குமுன் எல்லாரிடமும் சேர்த்துவிடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவருகிற கேக்குக்கும் போத்தலுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதும் அதே செய்தியில் வரட்டும். நிலாவெளி வரை போகிறதென்றால் திரும்புகிற வானையும் இதற்குள் சேருங்கள். இரவு பதினொரு மணிக்கு அங்கே இருபத்திநாலு பேருக்கு ஓட்டோ பிடிக்க முடியாது.

இருபத்திநாலு பேரை ஒரே நீட்டு வரிசையில் இருத்தினால் இந்த அந்தத்தில் சொல்வது அந்த அந்தத்துக்குக் கேட்காது, பரிமாறுகிறவரும் நடந்தே களைப்பார். எட்டுப் பேர் வீதம் மூன்று மேசை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தட்டு இறைச்சி, மீன், மரக்கறி. ஆளுக்கு அறுபது சென்ரிமீற்றர் அகலம் இருந்தால் முழங்கை இடிக்காது.

கேக்கை எப்போது வெட்டுவது என்பதைக் குசினிக்குச் சொல்லாமல் விடுவதுதான் கடைசி நேரக் குழப்பம். இறைச்சி ஓய்வில் இருந்து, வெட்டி, தட்டில் ஏறுகிற நிமிடத்தில் விளக்கை அணைத்துப் பாட்டுப் பாடத் தொடங்கினால் அவ்வளவு கணக்கும் வீண். பிள்ளைகள் இருக்கிற கூட்டம் என்றால் வந்தவுடன் ஏழரைக்கே வெட்டிவிடுங்கள், துண்டு போடுவது சாப்பாட்டுக்குப் பிறகு. கேக் வெட்டி முடிந்தது என்று ஒருவர் குசினி வாசலில் போய்ச் சொன்னபின்தான் அண்டர்கட் ஓவனிலிருந்து கிரில்லுக்கு வர வேண்டும்.

மிஞ்சினால் பார்சல் கட்டுங்கள், வெட்கம் வேண்டாம். மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததை மட்டும் விடுங்கள். மற்றதை வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாயோடு ஒரு பிரட்டுப் பிரட்டிப் பாணுக்குள் வைத்துப் பாருங்கள்.